ஃப்ரீசரில் வைத்த படிவம்

அக்டோபர் 7, 2008 – செவ்வாய்
கோவாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் மூத்தவள் நுஸைபாவிடமிருந்து ஒரு படிவம். தென்துருவப் பனியைத் துளைத்து, உள்ளே உயிரோடு கிடக்கும் நுண்ணுயிர்களைத் தேடப் போகிறாளாம். சார்ஜா குளிர்கிடங்கில் பதினோரு வருஷம் இறைச்சியில் கிருமி அண்டாமல் காத்தவன் நான். மகள் கிருமியைத் தேடிப் போகிறாள்.

அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை மருந்துக்கடை துரைராசு படித்தார். அங்கே மரணம் நேர்ந்தால்: ஒன்று, அங்கேயே அடக்கம். இரண்டு, மார்ச்சில் கப்பல் திரும்பும்போது உடல் வரும். ஒன்றில் டிக் செய்யவும்.

டிக்காம்!

அக்டோபர் 8
மனைவி சாஜிதாவிடம் கரண்ட் பில் என்று சொல்லிவிட்டேன். படிவம் என் கூல்பார் ஃப்ரீசரில், குல்பிக்கு அடியில். என்ன மூளை எனக்கு!

அக்டோபர் 10 – வெள்ளி
போனில் நுஸைபா: "அத்தா, ஃபாரம் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா."

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாயால் பொய். பேச்சை மாற்ற, அந்தப் பூச்சி என்னத்தைத் தின்னும் என்று கேட்டேன். "திங்க ஒண்ணும் கெடையாது, வெயிலும் கெடையாது. எப்படிப் பொழைக்குதுன்னுதான் பாக்கப் போறோம்."

சார்ஜா கிடங்கில் நானும் அப்படித்தான் பிழைத்தேன். ஒருத்தரும் ஆராய வரவில்லை.

அக்டோபர் 13
ரோஸ்மில்க் கேட்டவருக்கு சோடாவை உடைத்துக் கொடுத்தேன். மனசு நிலையில் இல்லை. என் அத்தா மௌத்தான தந்தி சார்ஜாவுக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. இங்கே அன்றைக்கே அஸர் தொழுகைக்குள் அடக்கியாகிவிட்டது. ஒரு பிடி மண் நான் போடவில்லை. இவளுக்கு மார்ச் வரை... வேண்டாம், எழுத மாட்டேன்.

அக்டோபர் 15
நாலு மணி நேரம் கரண்ட் கட். குல்பி உருகி, படிவம் ரோஸ் நிறக் கூழ். தொல்லை விட்டதென்று நிம்மதியாக இருக்க வேண்டுமே – ஏன் இல்லை?

அக்டோபர் 16
"இருபதாந்தேதி கடைசி அத்தா. இல்லாட்டி வேற ஆளு போவாங்க. ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம், பரவால்ல."

குரல் இறங்கியிருந்தது. ஜெயித்தவன் நான்தான். ஆனாலும் ஒளித்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்: "நீங்க சார்ஜா போறப்ப அம்மாகிட்ட யாரு கையெழுத்து வாங்குனா?"

அக்டோபர் 18
கும்பகோணம் ஜெராக்ஸ் கடைக்குப் புதுப் படிவத்தை ஃபேக்ஸ் செய்திருந்தாள். சாஜிதாவையும் கூட்டிப் போனேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டேன். டிக் செய்யத்தான் கை வரவில்லை. சாஜிதா பேனாவைப் பிடுங்கினாள். "எங்கன்னாலும் அன்னைக்கே அடக்கணும்ங்க." முதலாவதில், அங்கேயே அடக்கம் என்பதில், டிக்.

அப்பாவுக்கு மட்டும்தான் படிவத்தில் இடம். என் பெயருக்குக் கீழே, ஓரத்தில், அவளும் தன் பெயரை எழுதினாள்.

டிசம்பர் 12
நுஸைபாவின் கப்பல் கிளம்பிவிட்டதாம். ஃப்ரீசரைத் திறந்து கையை உள்ளே வைத்தபடி நின்றேன். சாப்பாடு கொண்டுவந்த சாஜிதா, "குளுரு வெளியில போவுது, மூடுங்க" என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அவள் கை உள்ளே.