முருகேசனைப் பாராட்டிய பாவம்

12-5-2001, சனி, இரவு

இன்று படகுத்துறை கால்பந்து அணி வாங்கிய கோல் என்னால் வாங்கியதுதான். எங்கிருந்து தூக்கம் வரும்?

இந்த வருஷம் அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்களோடு மல்லுக்கு நின்ற எல்லா கிளப் ரசிகர்களும் அவர்களுக்காகக் கிளம்பினோம். பஜார் அணி ரசிகனான நானும் மகளோடு போய், வழக்கம்போல அவர்கள் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்றேன். வருஷக்கணக்காக அங்கே நின்றுதான் கோல்கீப்பர் முருகேசனைக் கூவிக் கேலி செய்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குக் கைவந்த வித்தை அது ஒன்றுதான்.

இன்று படகுத்துறைக்காரர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். முடியப் போகிற நேரம். "முருகேசா, நீ புலிடா!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா என்று அவன் திரும்பிப் பார்த்தான். பந்து உள்ளே போய்விட்டது. ஆட்டம் சமம். நாளை மறுபடியும் ஆட வேண்டும்.

"அப்பா, நாளைக்கு வீட்டுலயே இருங்க" என்றாள் மகள்.

ஆட்டம் முடிந்து எங்களிடம் வந்த முருகேசன் வேறு மாதிரி சொன்னான். "சேட்டா, நாளைக்கும் வரணும். ஆனா பழையபடி திட்டுங்க. நீங்க புகழ்ந்தா எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை கிளப்காரர்களுக்கு நடுவில் நின்று திட்டினால் என்னை உரித்துவிடுவார்கள். திட்டாமல் இருந்து அவன் தோற்றுவிட்டால், அடுத்த வருஷம் அந்தப் போஸ்டுக்குப் பின்னால் எனக்கென்ன வேலை?

ஒரு நல்ல கேலிகூட வர மாட்டேன் என்கிறது. அவன் தொப்பையைப் பற்றி... அது போன வருஷமே சொல்லியாயிற்று.