கடைசிப் படகில்

1934 மாசி, ஞாயிறு. மூவார்.

என் மகன் கண்ணனை ஜொகூர்பாருவுக்கு அழைத்துப் போகத்தான் வந்தேன். அவன் அப்பா இறந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. எனக்கு வேலை கிடைக்கும்வரை என்று என் கணவரின் அண்ணன் மனைவி மரகதம் அக்காவிடம் விட்டேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

இன்று அவர்கள் தெருக்காரர்களோடு பழைய கால்வாயில் உலாப் போனார்கள். என் பஸ் தாமதம். நான் துறைக்குப் போனபோது கண்ணன் முதல் சம்பான் படகில் அக்கா மடியில் இருந்தான். எனக்குக் கடைசியான ஆறாவதில்தான் இடம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும், அவ்வளவு ஒடுங்கிய கால்வாய்.

வழியில் ஓர் உடும்பு நீரில் குதித்தது. "அம்மா!" என்று கண்ணன் அலறினான். நான் எழுந்தேவிட்டேன்.

"அலமாக்! உக்காருங்க தங்கச்சி, முதலைக்கு விருந்து வைக்கப் போறீங்களா?" என்றார் படகோட்டிய மரைக்காயர். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குள் அவன் அக்காவின் கழுத்தில் முகம் புதைத்திருந்தான்.

கரையில் அக்கா அவனை என் முன் நிறுத்தினார். "கண்ணா, சித்தி வந்திருக்காங்க பாரு. கும்பிடு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

அவன் அழகாகக் கைகூப்பினான்.

கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. "நல்லா வளத்திருக்கீங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன்.