குரோய்டன் வரிசையில் வந்த தலைச்சுற்று

அன்பின் பெரியக்காவுக்கு,

இந்த வயதில் சபை ஊழியத்துக்கென்று லண்டன் வந்த நானும் இவரும் ஆண்டவர் கிருபையால் நடமாடுகிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

செவ்வாயன்று நம் சபையார் நான்கு பேர் எங்களோடு தங்க வந்தார்கள். அவர்கள் வருமுன், அன்று காலை இவர், அகதி விண்ணப்பம் கொடுத்திருக்கும் சுகந்தினி என்ற பிள்ளைக்குத் துணையாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிடாமல் போனதுதான் காரணமாம்.

அவள் வரிசையை விட்டுவிட்டு இவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வருகிறவர்களுக்குச் சமைத்துக் களைத்துப்போய் அடுப்படியில் நான் நின்ற கோலத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்கள் போய்ப் படுங்கோ. சமையலை நான் பாக்கிறன்."

"உம்மட அலுவல் குழம்பிப் போச்சே, பிள்ளை."

"ஓம் அன்ரி. இன்னொரு நாள் தருவினம்."

விருந்தாளிகள் வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பாத்திரங்களைக்கூடக் கழுவி வைத்திருந்தாள். அடுத்த முறை அவளோடு நான் போகிறேன்.

இனி அங்கிருந்து வருகிறவர்களிடம் இவருக்கு வீட்டில் உடுக்க இரண்டு சாரம் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு பின்னேரம் போன் எடுங்கள். எல்லோரும் போனபின் வீட்டில் சத்தமே இருக்காது. இவரிடம் கேட்டால் நல்ல சுகம் என்பார். என்னிடம் கேளுங்கள்.

வாசலில் மணி அடிக்கிறார்கள், போய்த் திறக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
நேசமலர்