கடுக்காயும் உன் காலி நாற்காலியும்

இன்று குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு உரைமருந்து இழைக்க உட்கார்ந்தேன். தாய்ப்பால் விட்டுக் கடுக்காயைக் கல்லில் சுற்றியதும் அந்தத் துவர்ப்பு வாசனை எழுந்தது. நீ வந்துவிட்டாய்.

இது நீ கொடுத்த கடுக்காய். விடுதியில் ஒரே அறையில் படித்தோம். பிறகு நீ கள்ளக்குறிச்சியில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாய், நான் அதே ஊரில் வரி வக்கீலிடம் ஜூனியரானேன். கல்வராயன் மலையடிவாரத்துக் கடுக்காய் வியாபாரியின் கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கப் போனவள், என் குழந்தைக்கென்று அவரிடம் கேட்டு ஒன்றை முந்தானையில் முடிந்து வந்தாய். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இவள் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று ஆபீசில் உன்னைக் கேலி செய்வார்களே.

அதே வியாபாரியின் வழக்கு என்னிடம் இருந்தது. கடுக்காய் தோல் பதனிடும் சரக்கு என்று அதிக வரி போட்டிருந்தார்கள். மருந்துச் சரக்கு என்று நான் காட்ட வேண்டும். சட்டப் புத்தகங்களைப் புரட்டிக் களைத்திருந்தேன். நீ என் மடியில் தூங்கிக் கிடந்த குழந்தையைப் பார்த்தாய்.

"இன்னாடி இவ்ளோ யோசன? உம் பொண்ணுக்கு இத்த ஒரசி ஊத்துறியே, அவ தோல பதம் பண்ணவா?"

நாம் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. சில வாரங்களில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

உன் வாதத்தை அப்பீல் அதிகாரியிடம் சொல்லத்தான் கடலூர் போனேன். அன்று இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல், விசாரணை தள்ளிப்போயிற்று. திரும்பும் வழியெல்லாம் சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். பஸ் நின்ற இடத்திலேயே விடிந்தது. பால் கட்டி நெஞ்சு வலிக்க, மாமியாரிடம் விட்டுவந்த குழந்தை பசியில் என்ன பாடுபடுகிறதோ என்று துடித்தேன். அன்றிலிருந்து வெளியூர் என்றாலே நடுக்கம்.

என் பயத்தை யார் சொன்னார்களோ, உன் ஆடிட்டர் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பொண்ணு சீட்டு சும்மாதாம்மா கெடக்குது. உள்ளூர் வேல. கொழந்தைய இட்டுக்கினு வந்துடு" என்றார். தவித்துப்போனேன். பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே என்பாயே, நேற்று போய் உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் நல்ல காற்று. குழந்தை தரையில் தவழ்ந்து விளையாடினாள். ஆசையாகத்தான் இருந்தது.

கையில் எடுத்த முதல் கணக்கிலேயே ஒரு மளிகைக்காரர் அதிகப்படி வரி கட்டியிருப்பதாகப் பட்டது. அப்பீல் போகலாமே சார் என்றேன். கணக்கு சரியாக இருந்தால் நம் வேலை முடிந்தது என்றார். தப்பில்லை, அது அவர் தொழில். ஆனால் நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன். நீ இருந்திருந்தால் என் புடவையைப் பிடித்து இழுத்து, "ஒக்காருடி, கோர்ட்டுன்னு நெனப்பா?" என்றிருப்பாய். நான் உட்காரவில்லை.

பயம் போகவில்லை. வருகிற விசாரணைக்கு இவளையும் தூக்கிக்கொண்டே கடலூர் போகிறேன். சாலை மறித்தால் இருவரும் சேர்ந்தே கிடப்போம். பையில் வழக்குக் கட்டுக்கு மேல் உரைகல்லும் உன் கடுக்காயும் இருக்கும். தேய்ந்து பாதியாகிவிட்டது. என்ன அது என்று அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்வேன்: குழந்தைக்கு மருந்து.