ஓய்வுநாளில் தானாக எரியும் விளக்குகளை மாற்ற அனுமதி வேண்டி

அனுப்புநர்
மிரெல் சுக்கர்மன்,
செயலாளர், பசுமைக் குழு,
ஆர்போர் தெரு ஜெப ஆலயம்,
எல்ம்ஃபோர்ட், மெல்போர்ன்.

பெறுநர்
எரிசக்திச் சேமிப்புத் திட்ட அலுவலர் அவர்கள்,
எல்ம்ஃபோர்ட் நகர மன்றம்.

பொருள்: ஆலயக் கழிப்பறைகளிலும் நடைவழியிலும் உள்ள சென்சார் விளக்குகளை, வரும் புதன் மாலைக்குள் நேரக் கடிகார விளக்குகளாக மாற்ற அனுமதி கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் செப்டம்பர் 22 தேதியிட்ட மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் திங்கள் மாலை வந்தது. செவ்வாயும் புதனும் எங்கள் புத்தாண்டு. அந்நாட்களில் நாங்கள் எழுதுவதில்லை. ஆகவே இன்று காலை முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

1. இந்த விளக்குகளைக் கேட்டு வாங்கியவள் நானே. எட்டு ஆண்டுகளாக இந்த ஆலயத்தில் பசுமைக் குழு என்றால் நானும் என் பிடிவாதமும்தான். காகிதத் தட்டுகளை ஒழித்தேன். கூரையில் சூரியத் தகடுகளும் கொல்லையில் மழைநீர்த் தொட்டியும் தங்கள் திட்டத்தில் வந்தவை. விண்ணப்பத்தில் "ஆள் இல்லாதபோது விளக்கு தானாக அணைய வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும் என்று மகிழ்ச்சியோடு குறியிட்டேன். பிறவியிலேயே யூதப் பெண்ணான நான், அந்த ஒரு நிமிடம் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதை மறந்துபோனேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

2. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாளில் நாங்கள் விளக்கை ஏற்றுவதில்லை, அணைப்பதுமில்லை. "யாரும் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை என்பதால் இடையூறு ஏதுமில்லை" என்று தங்கள் கடிதம் கூறுகிறது. ஐயா, இடையூறே அதுதான். சுவிட்ச் என்றால் தொடாமல் இருந்துவிடலாம். காலடி வைத்தாலே எரியும் விளக்கை என்ன செய்வது? எங்கள் பெரியவர்களின் பார்வையில், அடி எடுத்து வைத்தவரே விளக்கை ஏற்றியவர்.

3. ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. என் மாமனார் லேய்ப் சுக்கர்மன், வயது எண்பத்து மூன்று, காலை வழிபாட்டின் நடுவே கழிப்பறைக்குச் சென்றார். அவர் நுழைந்ததும் விளக்கு எரிந்தது. திகைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அந்த அறைக்குச் சன்னல் இல்லை. அசைந்தால் மறுபடி எரியும் என்று, கும்மிருட்டில் ஒரு மணி நாற்பது நிமிடம் கையைக்கூட அசைக்காமல் இருந்தார். தேடிப்போய்க் கதவைத் திறந்தவள் நான். "வராதேம்மா, வராதே! எரிஞ்சுடும்!" என்று கத்தினார். நான் போனேன், எரிந்தது. அவர் கால்கள் மரத்துப்போய் நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்தார். "உன்னையும் பாவத்துல இழுத்துவிட்டுட்டேனே" என்றார். விளக்கைக் கொண்டுவந்தவள் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். அதை என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

4. நாங்கள் சும்மா இருக்கவில்லை. சென்சார்களைத் துணியால் மூடிப் பார்த்தோம். சேதம் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி அலறியது. தங்கள் ஆய்வாளர் வந்து எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் காவலாளி சியோனே, டோங்கா நாட்டுக் கிறித்தவர். விளக்கைப் போடும்படி அவரிடம் நேராகக் கேட்க எங்களுக்கு அனுமதியில்லை. எனவே எங்கள் ஆலயத்துக் கனவான்கள் அவர் காதுபட "அப்பப்பா, என்ன இருட்டு, என்ன இருட்டு" என்று புலம்புகிறார்கள். "புரியுது சார், நாலு வாரமா புரியுது" என்று, விளக்கு எரிய அவர் முன்னால் நடக்கிறார். அவரும் பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்ப வேண்டியவர். ஆலயத் தலைவரோ, "மிரெல் கொண்டுவந்த பசுமைல கண்ணே தெரியல" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். அது போகட்டும்.

5. இப்போது முதியவர்கள் கழிப்பறைக்குப் போகாமல் இருக்க வெள்ளிக்கிழமை பகலிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் மாமனாரின் சிறுநீரகத்துக்கு இது ஆகாது என்று மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தை இணைத்துள்ளேன். அக்டோபர் 1 மாலை எங்கள் யோம் கிப்பூர் தொடங்குகிறது; அன்றும் ஓய்வுநாள் விதிகளே. பாவமன்னிப்புக்கான அந்த இருபத்தைந்து மணி நேரம் முந்நூறு பேர் சோறு தண்ணீர் இன்றி இங்கே இருப்பார்கள். முதியவர்கள் அதற்கும் முன்பே, அன்று பகலிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று மாமனாரிடம் கெஞ்சினேன். "அறுபது வருஷமா நான் உக்கார்ற இடம். ஒரு பல்புக்குப் பயந்து எழுந்து போகச் சொல்றியா?" என்கிறார்.

6. நான் கேட்பது சிறிது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் தங்கள் அலுவலகம் வைத்துள்ள முத்திரையை அகற்ற அனுமதி தாருங்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தால் தானாக எரிந்து தானாக அணையும் கடிகாரங்களைப் பொருத்துகிறோம். எங்கள் வீடுகளில் எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருப்பவைதான். மின்சாரமும் மிச்சம், யார் காலடியும் விளக்கை ஏற்றாது. மின்பணியாளர் தயாராக இருக்கிறார். அவருக்கு அரை நாள் போதும்.

7. நாளை கால்பந்து இறுதிப்போட்டிக்காக அரசு விடுமுறை. மிஞ்சுவது திங்கள், செவ்வாய், புதன். அனுமதியின்றி முத்திரையை உடைத்தால் சூரியத் தகடுகள் உட்பட முழுத் திட்டமும் ரத்தாகும் என்பதை நன்கு அறிவேன். என் எட்டு ஆண்டு உழைப்பும் அதில் போய்விடும். எங்கள் மதகுருவான ரபியிடம் கேட்டேன். "உயிருக்கு ஆபத்துன்னா எந்தச் சட்டமும் குறுக்க நிக்காது, மிரெல்" என்றார். அவர் எங்கள் சட்டத்தைச் சொன்னார். தங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதன் பிற்பகல் ஒரு மணி வரை தங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பேன். வராவிட்டால் முத்திரையை நானே என் கையால் உடைப்பேன். அதற்கு ஆலயத்தையோ மின்பணியாளரையோ பொறுப்பாக்க வேண்டாம். இந்த மனுவையே என் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தாங்கள் அழைத்தால் நான் எடுக்க மாட்டேன். தயவுசெய்து அதை அவமரியாதையாக எண்ண வேண்டாம். அந்நேரம் என் மாமனாருக்கு இரண்டு வரிசை பின்னால், வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மணிக்கு முன் அழைப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

இடம்: எல்ம்ஃபோர்ட்
நாள்: செப்டம்பர் 25, வியாழன்

(ஒப்பம்)
மிரெல் சுக்கர்மன்

இணைப்பு: மருத்துவர் கடிதம், ஆய்வாளரின் எச்சரிக்கை நோட்டீஸ் நகல், நான் குறியிட்ட விண்ணப்பத்தின் நகல்.