நடுவில் சந்திப்பதாகச் சொன்னேன்

1957 பிப்ரவரி 3
அண்ணன் மகள் சந்திரகலாவுக்கு நிச்சயத் தட்டு மாற்ற வேண்டும். யார் வீட்டுப் படியை யார் முதலில் மிதிப்பது என்று ஒரு மாதமாக இழுபறி. மாப்பிள்ளையின் அத்தை அமிர்தவல்லி வீம்பில் எனக்குச் சளைத்தவள் இல்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்: "ரெண்டு வீட்டுக்கும் சரி நடுவுல, வீதியிலயே மாத்திக்குவோம்." அவளும் சரி என்றாள். எந்த முனை என்று யாரும் கேட்கவில்லை. நடு ஒன்றுதானே!

மாப்பிள்ளை இராமதாஸ் கணக்கில் மேற்படிப்பு. அப்படி என்னதான் படிக்கிறான்? "ஒரு எடத்துல இருக்கறத எல்லாம் தூரம் மாறாம இன்னொரு எடத்துக்குக் கொண்டு போனா, நேர்கோடு நேராவே இருக்குமா, நடு நடுவாவே நிக்குமான்னு பாக்கறாராம் அத்தே" என்றாள் சந்திரகலா. இதுக்கு ஒரு படிப்பு! கொல்லைக்கு நகர்த்தி வைத்தால் என் அம்மிக்கல்லே சொல்லிவிடும்.

பிப்ரவரி 5
அவர்கள் வீடு தெற்கே நாலு வீதி, கிழக்கே நாலு வீதி. தெற்கே நாலும் எண்ணி நடந்தேன். முனையில் பிள்ளையார்! சாமியே அளந்து வைத்த நடு. தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7
வெயில்ல ஒன்றரை மணி நேரம் தட்டோட நின்னோம். ஒரு ஈ காக்கா வரல. நான் சும்மா இருப்பேனா? வீதியே கேக்கற மாதிரி திட்டினேன், பிள்ளையாரை வச்சுக்கிட்டே. அப்புறம்தான் சேதி — அவங்க வடக்கே நாலு வீதி எண்ணி, மாரியம்மன் கோயில் முனையில நின்னாங்களாம். நாங்க அவமானப்படுத்திட்டோமாம்! "இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று அண்ணன் துண்டை உதறிவிட்டார்.

பிப்ரவரி 8
சந்திரகலா சாப்பிடவில்லை. நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10
இராமதாஸ் வந்தான். அவன் அத்தைக்குப் பயந்து படியேறவில்லை. வாசலிலேயே சுண்ணாம்புக் கட்டியால் வீதிகளைப் போட்டுக் காட்டினான். "ரெண்டு முனையும் நடுதாங்க. எதுல நின்னாலும் ரெண்டு வீட்டுக்கும் நாலு நாலு வீதி. கடற்கரை மணல்ல நேரா நடந்தா நடு ஒண்ணே ஒண்ணு. அங்க தூரம் மாறாம எதைக் கொண்டு போனாலும் கோடு நேராத்தான் நிக்கும். நம்ம வீதியில மூலை திரும்பித்தான் நடக்கணும், அதனால நடு நெறைய. தூரம் துளி மாறாமலே கோடு வளைஞ்சுடும்."
பாவி நான். இந்தப் படிப்பையா கேலி பண்ணேன்?

பிப்ரவரி 11
மானமாவது மண்ணாவது என்று தட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். படியேறிக் கூப்பிட்டால் அமிர்தவல்லி இல்லை! அவளும் தட்டோடு வேறு வீதி வழியாக என் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் அவள் கூடத்தில், அவள் என் கூடத்தில். யார் கால் முதலில் பட்டது? முருகா, உனக்குத்தான் தெரியும்.

மே 20
முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் அமிர்தவல்லி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான்தான் முதல்ல வந்தேன்" என்றாள்.
"இல்ல சம்பந்தியம்மா, நான்தான்."
பாயசம் ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.