ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

என் அருமை அம்மாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால், "நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும், நேர்ல வந்து சொல்லு கண்ணு" என்பாய். நேரில் வர இப்போது வழியில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும், உன்னைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொண்டால் நல்லதுதான்.

முதலில் ஊர்ச் செய்தி. எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. அப்பா வாரம் ஒரு தடவை அங்கே போய்ச் சேலத்தில் இருக்கும் என் தம்பியிடம் பேசுகிறார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர் மலையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறார். பூத்துக்காரர் வெளியே வந்து நின்றுகொள்கிறாராம்.

அந்த பூத்துச் சுவரில்தான் வம்பு பிறந்திருக்கிறது. என் ஒன்பதாம் வகுப்பில் சரோஜா என்று ஒரு பெண். போன சனிக்கிழமை மத்தியானம் அடுப்புக்கரியால் அந்தச் சுவரில், கூடப் படிக்கிற ஜோதியின் பேரை ஒரு பஸ் கண்டக்டர் பேரோடு சேர்த்து எழுதிவிட்டாள். ஏதோ ரிப்பன் விஷயத்தில் ஆரம்பித்த சண்டையாம். மறுநாள் சந்தைக்கு வந்த ஊரே அதைப் படித்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஜோதி பள்ளிக்கூடம் வரவில்லை. "படிச்சது போதும், தைமாசத்துல கட்டிக் குடுத்தர்றேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சரோஜாவுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் நிற்கிறார். டி.சி. வாங்கினால் அவளை மலையிறக்கிச் சேலத்தில் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. அப்புறம் அவளும் பழம் எடுக்கப் போக வேண்டியதுதான். ஆசிரியர்களில் பாதிப் பேர், "சனிக்கிழமை, கடைவீதியில் நடந்தது. நமக்கெதற்கு?" என்கிறார்கள். நாளை வெள்ளிக்கிழமை கூட்டம். கிளாஸ் டீச்சர் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள்.

உன்னைக் கேட்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது? இந்த வழக்கில் முதல் குற்றவாளி நானல்லவா?

நானும் அப்போது ஒன்பதாவது. இதே மாதிரி பழம் எடுப்புக் காலம். ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் வாங்க என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினாய். பள்ளிக்கூட யூனிபார்மான ஊதாப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றாய். எஸ்டேட் ரோடு பிரிகிற இடத்தில் கீழிருந்து வந்த ஒரு குடும்பம் அருவிக்கு வழி கேட்டது. எனக்கு என்ன குரங்குப் புத்தியோ, இடது பக்கம் கையைக் காட்டினேன். அங்கே இருப்பது காப்பிப் பழத்துத் தோல் உரிக்கிற கொட்டகை. அழுகின தோல் ஊறின தண்ணீர் குழாய் வழியாக வழிந்து, நாற்றம் மூக்கைப் பிடுங்கும். அதுவும் தண்ணீர் விழுகிற இடம்தானே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அவர்களோடு வந்த வயசான அம்மாள் அந்தத் தோலில் வழுக்கி விழுந்து கை சுளுக்கிக்கொண்டது எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். ஊதாப் பாவாடை அடையாளம் போதுமே. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், பெரிய டீச்சர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒத்துக்கொண்டேன். "உங்கம்மாவை வரச் சொல். டி.சி. எழுதி வைக்கிறேன்" என்றார்.

நீ வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாய். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை, கையெல்லாம் பழக்கறை. நடுங்குவாய் என்று நினைத்தேன். நீயோ மேசைக்கு நேராகப் போய் நின்றாய்.

"ஏனுங்க டீச்சர், ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் உண்டுங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிங்க? பள்ளிக்கூட நாள்ல புள்ள உங்களுதுங்க. அடிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டனுங்க. ஞாயித்துக்கெழம அவ என்ற புள்ளைங்க. தப்புப் பண்ணுனா நான் தோலை உரிச்சுக்கறேன். நீங்க எதுக்குங்க சீட்டைக் கிழிக்கறீங்க?"

பெரிய டீச்சர் கோபப்படவில்லை. "அவ யார் துணியப் போட்டுக்கிட்டு நின்னா? அவங்க வந்து உங்க பேரையா சொன்னாங்க? பள்ளிக்கூடத்துப் பேரைத்தானே சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க போட்டுட்டுப் போகச் சொன்னேன். வேற துணி இல்லாம இல்லைங்க. அதப் போட்டுட்டுப் போனா ரோட்டுல ஒரு பய சீண்ட மாட்டான். படிக்கற புள்ள, கேக்கறதுக்கு டீச்சருங்க இருக்கறாங்கன்னு ஒரு பயம் இருக்குமுங்க."

"அப்போ காவலுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமையும் நாங்க வேணும். கண்டிக்க வேண்டாமா?"

மேஸ்திரியிடம்கூட ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத நீ, கட்டைவிரலால் உள்ளங்கைக் கறையைத் தேய்த்தாய். அப்புறம் சொன்னாய்: "அது நாயந்தானுங்க."

தோற்றுவிட்டாய், என் படிப்பு போச்சு என்று நினைத்தேன். நீ முடிக்கவில்லை. "ஆனா ஒண்ணுங்க டீச்சர். ஞாயித்துக்கெழம பண்ணுனதுக்குத் திங்கக்கெழமையப் புடுங்கிறாதீங்க. படிப்புல கை வெக்காதீங்க. அவ ஞாயித்துக்கெழமைய எடுத்துக்குங்க. எத்தன வேணுமோ எடுத்துக்குங்க."

எழுதின டி.சி.யைப் பெரிய டீச்சர் மடித்து மேசைக்குள் போட்டார். அன்று சாயங்காலம் நீயும் அவரும் என்னை நடுவில் விட்டு, அந்தக் குடும்பம் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கூட்டிப்போனீர்கள். கையில் கட்டுப் போட்டிருந்த அந்த அம்மாள் காலில் விழுந்தேன். "இப்பவாவது சொல்லு பாப்பா, அந்த அருவி எங்கதான் இருக்கு?" என்று அவர் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் பொங்கல் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் காலையிலிருந்து சாயங்காலம் வரை, அதே யூனிபார்மில், அதே முக்கில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சரியான வழி சொன்னேன். டீச்சர் போட்ட தண்டனை அது. ஆனால் நீயும் வந்து உட்கார்ந்தாயே, ஏன்? வாரம் முழுக்கப் பழம் எடுத்தவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள். துவைக்கணும், விறகு பொறுக்கணும். உனக்கு யார் தண்டனை போட்டது என்று கேட்டேன். "போட்டுவுட்டு அனுப்புனது நாந்தானே சாமி" என்று மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாய். நான் வழி சொல்லி முடித்ததும், "பாத்துப் பதனமாப் போய்ட்டு வாங்க" என்று நீ ஒரு வால் சேர்ப்பாய். கார்க்காரர்கள் உன்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத்தான் மானம் போகும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல தண்டனைக் கதை என்று விட்டிருப்பேன். அந்த மே மாதம் லீவில் நீ செய்ததுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் பெருமைப்பட வைக்கிறது.

அப்பாவும் பெரியப்பாவும் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்ற ஆட்களையும் வரச் சொல்லிவிட்டார்கள். நீ வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். அவர்கள் வருகிற அன்று காலையில் உன்னைக் காணோம். பெரிய டீச்சர் சேலம் பஸ்ஸுக்காகப் பையோடு தன் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாராம். நீ போய் வழியை மறித்துக்கொண்டு நின்றதை அவர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"லீவுங்கறது எனக்கும் தெரியுமுங்க. ஞாயித்துக்கெழமையும் எம்புள்ள உங்க புள்ளதான்னு நீங்கதான சொன்னீங்க? இன்னிக்கு வாங்க."

டீச்சர் பையை உள்ளே வைத்துவிட்டு உன்னோடு நடந்தே வந்தார். எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய நம் லைன் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பள்ளிக்கூடந்தான் லீவாச்சுங்களே. எங்க ஊட்டு விசயத்துல உங்களுக்கு என்னங்க வேலை?" என்றார்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாந்தான் கூட்டியாந்தேன். அவ பத்தாவது முடிக்கட்டும். அதுக்கு மேல பேசுங்க."

அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், குரலைக்கூட உயர்த்தாமல். அவர்கள் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தீபாவளி வரைக்கும் உன்னோடு பேசவில்லை. பக்கத்திலேயே நீ நிற்க, "உங்கம்மாகிட்டச் சோறு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நீயும் "உங்கப்பன் கைகழுவிட்டாரான்னு கேளு" என்பாய். அந்த ஆறு மாதத்தில் உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை அம்மா. கேட்காததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்? அன்று திங்கட்கிழமை டீச்சர் டி.சி.யைக் கையில் கொடுத்திருந்தால் நான் என்னவாகியிருப்பேன்? பள்ளிக்கூடம் பூட்டியாச்சு என்று மே மாதம் பஸ் ஏறியிருந்தால்? கோடு எங்கே போடுவது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. எங்கள் டிரில் மாஸ்டர் லீவு நாளில் ஏரிக்கரையில் நின்று, எந்தப் பிள்ளை யாரோடு போட்டில் போகிறது என்று நோட்டம் விட்டு, திங்கட்கிழமை பிரேயரில் பேர் படிக்கிறார். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது அவர் வேலையில்லை. ஆனால் சுவரில் எழுதினது சுவரோடு நிற்கவில்லையே. ஜோதி உட்காருகிற இடம் நாலு நாளாகக் காலியாக இருக்கிறது. அது என் வகுப்புக்குள் இருக்கிற காலியிடம்.

நேற்று ஜோதியின் அம்மா வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்று, "என்ற புள்ளய எப்படியாச்சும் கூப்புட்டுக்குங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டார். உன்னைப் போல ஊர் நடுவில் நின்று பேச அவரால் ஆகாது. எல்லாரும் உன்னைப் போலவா இருக்க முடியும்?

நாளை நான் சொல்லப் போவதைக் கேட்டுக்கொள். சும்மா விடக் கூடாது, டி.சி.யும் கூடாது. சனிக்கிழமை என் லீவு. அன்று சரோஜா பட்டப்பகலில், கடைவீதி பார்க்க, அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடிப்பாள். அப்புறம் என்னோடு ஜோதி வீட்டுக்கு வந்து, தான் எழுதினது பொய் என்று ஜோதியின் அப்பா முகத்துக்கு நேராகச் சொல்வாள். ஹெட்மாஸ்டர் இதற்குச் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அந்த வீட்டுக்கு நான் போவேன். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று ஜோதியின் அப்பா கேட்பார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று சொல்வேன். ஜோதியின் அம்மா பேர் என் வாயில் வராது. அவருக்கு ஆறு மாத மௌனம் வேண்டாம். அதை ஒருத்தி அனுபவித்தது போதும்.

திங்கட்கிழமை அட்டென்டன்ஸ் எடுக்கும்போது இரண்டு பிள்ளைகளும் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வேண்டும். ஒருத்தி குறைந்தாலும், நான் உனக்குப் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் இந்தக் கையெழுத்தைப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மகள்
மல்லிகா